‘டிஸ்அஃபெக்‌ஷன்’: பத்திரிகைகளைச் சிறைக்கு அனுப்பிய ஒரு சொல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபத்தைந்து ஆண்டுகளில் வெளிவந்த இந்தியப் பத்திரிகைகளையும் அவற்றின் மீது நடந்த வழக்குகளின் பதிவுகளையும் தமிழாக்க முனைகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஆங்கிலச் சொல்லிடம் வந்து தயங்கி நிற்கிறார்கள். ‘டிஸ்அஃபெக்‌ஷன்’ என்பதே அந்தச் சொல். அகராதியைப் புரட்டினால் ‘அதிருப்தி’ என்று இருக்கும். அதை வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால், ஓர் அதிருப்திக்காகவா ஒரு மனிதரை ஆறு ஆண்டுகள் நாடு கடத்தினார்கள் என்ற ஐயம் எழும். இளைய மொழிபெயர்ப்பாளர்களும் இதழியல் மாணவர்களும் இது குறித்து என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டுவரும் கேள்விகளையும் அவற்றுக்கான விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

இந்தச் சொல்லின் நேர்ப்பொருள் என்ன?

‘அஃபெக்‌ஷன்’ என்றால் அன்பு, பற்று. அதன் முன்னால் எதிர்மறை ஒட்டு சேர்ந்து ‘டிஸ்அஃபெக்‌ஷன்’ ஆகிறது. எனினும் ஆங்கிலேயர் இதை வீட்டுப் பேச்சில் அதிகம் புழங்கியதில்லை. மனைவியிடம் கணவனுக்கோ, அண்ணனிடம் தம்பிக்கோ ஏற்படும் மனக்கசப்பை இந்தச் சொல்லால் குறிப்பது அரிது. குடிகளோ படைவீரர்களோ தங்களை ஆள்பவரிடமிருந்து மனத்தளவில் விலகிப்போவதைக் குறிக்கவே பதினேழாம் நூற்றாண்டு முதல் இது பெரும்பாலும் பயன்பட்டது. அரசாணை, நாடாளுமன்றப் பேச்சு, நீதிமன்றத் தீர்ப்பு, பத்திரிகைத் தலையங்கம் ஆகியவையே இது வாழ்ந்த இடங்கள்.

ஆள்பவர் மீது குடிகளுக்கு அன்பு இருந்தாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இந்தச் சொல்லுக்குள்ளேயே பொதிந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். குடிகளைத் தழுவி ஆள்கிறவனின் அடியைத்தான் உலகம் தழுவி நிற்கும் என்று சொல்லிவந்த நம் மரபில் அன்பு காட்டும் கடமை முதலில் ஆள்பவனுக்கு உரியது. ஆங்கில அரசின் சட்டமோ அந்தக் கடமையை ஆளப்படுபவர் தலையில் மட்டும் ஏற்றியது.

இந்தியச் சட்டத்துக்குள் இது எப்போது வந்தது?

மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் 1837-இல் தயாரித்த தண்டனைச் சட்ட வரைவின் 113-ஆம் பிரிவில் இது இருந்தது. 1860-இல் இந்தியத் தண்டனைச் சட்டம் நிறைவேறியபோது அந்தப் பிரிவு விடுபட்டுப்போனது. பத்து ஆண்டுகள் கழித்து, 1870-இல், வைசிராய் அவையின் சட்ட உறுப்பினராக இருந்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் அதை 124-ஏ என்ற எண்ணுடன் சேர்த்தார். பேச்சாலோ, படிக்கப்படுவதற்காக எழுதிய எழுத்தாலோ, சைகையாலோ, கண்ணால் காணத்தக்க உருவத்தாலோ, வேறு எவ்வழியிலோ அரசாங்கத்தின் மீது ‘டிஸ்அஃபெக்‌ஷன்’ உணர்வைக் கிளறுவதும், கிளற முயல்வதும் குற்றம் என்றது அந்தப் பிரிவு. ஆயுள் முழுவதும் நாடு கடத்தும் அளவுக்குத் தண்டனை விதிக்க அதில் இடம் இருந்தது.

‘முயல்வதும்’ என்ற சொல்லை ஒதுக்கிவிடாதீர்கள். கட்டுரையைப் படித்து எவரும் மனம் மாறினார் என்று அரசுத் தரப்பு காட்ட வேண்டியதில்லை என்பது அதனால் வந்த விளைவு.

அரசைக் குறை கூறினாலே குற்றமாகிவிடுமா?

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ‘டிஸ்அப்ரொபேஷன்’ என்ற இன்னொரு கனமான சொல்லைப் பக்கத்தில் நிறுத்தி, அரசின் செயல்களை ஏற்க மறுத்துக் கண்டிப்பது அனுமதிக்கப்பட்டது என்றும், அரசின் மீதே பற்றறுவது குற்றம் என்றும் பிரித்தது. கண்டிக்கிறவர் அரசுக்குக் கீழ்ப்படியும் மனநிலையோடு கண்டிக்க வேண்டும் என்பது நிபந்தனை.

காகிதத்தில் இந்தப் பிரிவினை தெளிவாகவே தெரிகிறது. பஞ்சமோ கொள்ளைநோயோ பரவிய ஊரில் அரசின் நடவடிக்கைகள் கொடியவை என்று எழுதுகிற ஆசிரியர், அதைப் படிக்கிறவர் அந்த நடவடிக்கைகளை மட்டும் வெறுத்துவிட்டு அவற்றை எடுத்த அரசின் மீது அன்பை அப்படியே வைத்திருப்பார் என்று எப்படி உறுதி தர முடியும்? அந்த உறுதியைத்தான் இந்தச் சட்டம் ஒவ்வொரு ஆசிரியரிடமும் கேட்டது.

நீதிபதிகள் இந்தச் சொல்லை ஒரே பொருளில் எடுத்துக்கொண்டார்களா?

இல்லை. இந்த விஷயத்தின் மையமே இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதல் வழக்கு 1891-இல் கல்கத்தாவில், ‘வங்கவாசி’ என்ற வங்காளி இதழின் மீது நடந்தது. திருமண உறவுக்கான சம்மத வயதை உயர்த்திய சட்டத்தை அது கடுமையாகத் தாக்கியிருந்தது. தலைமை நீதிபதி கோமர் பெத்தரம், ‘டிஸ்அஃபெக்‌ஷன்’ என்பது அன்புக்கு எதிரான உணர்வு, அதாவது பிடிக்காமை அல்லது வெறுப்பு என்று ஜூரிகளுக்கு விளக்கினார். ஜூரிகளிடம் ஒருமித்த முடிவு ஏற்படவில்லை. இதழின் தரப்பில் வருத்தம் தெரிவிக்கப்பட்ட பின் வழக்கு கைவிடப்பட்டது.

அடுத்தது 1897-இல் பம்பாயில், திலகரின் ‘கேசரி’ மீது தொடரப்பட்ட வழக்கு. நீதிபதி ஆர்தர் ஸ்ட்ரேச்சி இன்னும் ஒரு படி மேலே போய், அன்பு இல்லாத நிலையே ‘டிஸ்அஃபெக்‌ஷன்’ என்று தொடங்கி, வெறுப்பு, பகை, பிடிக்காமை, இகழ்ச்சி என எல்லா வகை மனக்கசப்பையும் அதற்குள் அடக்கினார். ஒன்பது ஜூரிகளில் ஆறு ஐரோப்பியர்கள் குற்றவாளி என்றார்கள், மூன்று இந்தியர்கள் குற்றமில்லை என்றார்கள். திலகருக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது.

‘அன்பு இல்லாத நிலை’ என்ற விளக்கம் எத்தனை அச்சம் தரக்கூடியது என்று எண்ணிப் பாருங்கள். வெறுப்பை விதைத்தால்தான் குற்றம் என்றால் ஓர் ஆசிரியர் தம் எழுத்தில் வெறுப்பு வராமல் பார்த்துக்கொள்ளலாம். அன்பு இல்லாமையே குற்றம் என்றால் ஒவ்வொரு வரியிலும் அன்பைக் காட்டியாக வேண்டும். மௌனமாக இருக்கவும் இடமில்லை.

அதே ஆண்டில், அதே பம்பாய் உயர் நீதிமன்றத்தில், சதாரா மாவட்டத்தின் ‘பிரதோத்’ இதழ் வழக்கில் இந்த விளக்கம் மறுக்கப்பட்டது. அந்த அமர்வில் இருந்த மகாதேவ கோவிந்த ரானடே, அன்போ நல்லெண்ணமோ இல்லாதிருப்பது மட்டும் ‘டிஸ்அஃபெக்‌ஷன்’ ஆகாது என்றும், அது உறுதியான ஒரு வெறுப்புணர்வு, விசுவாசமின்மைக்கு நெருக்கமானது, அதிகாரத்தை எதிர்த்துப் பணிய மறுப்பது என்றும் எழுதினார். உடன் இருந்த நீதிபதி பார்சன்ஸும் அரசியல் வகையில் மனம் அந்நியப்படுவதே இச்சொல்லின் சிறப்புப் பொருள் என்றார். அலகாபாத் உயர் நீதிமன்றமோ ஸ்ட்ரேச்சியின் பக்கம் நின்றது. ஒரே சொல், ஒரே ஆண்டு. ஊருக்கு ஊர் வேறு பொருள். நீதிபதிகளுக்கே பிடிபடாத ஒரு சொல்லின் விளிம்பை நள்ளிரவில் மெய்ப்பு திருத்திக்கொண்டிருந்த ஆசிரியர் எப்படிக் கண்டுபிடித்திருப்பார் என்ற கேள்வி, அந்தத் தீர்ப்புகளைப் படிக்கும்போதெல்லாம் என் மனத்தை உறுத்துகிறது.

இந்தக் குழப்பத்தை அரசு எப்படித் தீர்த்தது?

1898-இல் 124-ஏ பிரிவைத் திருத்தி எழுதியது. ‘டிஸ்அஃபெக்‌ஷன்’ என்பதில் விசுவாசமின்மையும் எல்லாவகைப் பகை உணர்வும் அடங்கும் என்ற விளக்கம் சேர்ந்தது. வெறுப்பையோ இகழ்ச்சியையோ உண்டாக்குவதும் தனியாகக் குற்றமாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் பத்திரிகையாளர்கள் எதிர்கொண்டது இந்தத் திருத்திய வடிவத்தைத்தான். 1898-க்கு முந்தைய வழக்கையும் பிந்தைய வழக்கையும் ஒரே கட்டுரையில் எழுதுகிறவர்கள் இந்த வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது.

பத்திரிகையாளர்கள் இந்தச் சொல்லைத் தாங்களே எழுதினார்களா?

ஆங்கில இதழ் நடத்தியவர்கள் எழுதினார்கள். ஆனால் எச்சரிக்கையோடு எழுதினார்கள். அரசின் இன்ன செயலால் மக்களிடம் ‘டிஸ்கன்டென்ட்’, அதாவது மனக்குறை, பெருகுகிறது என்று எழுதுவது அவர்களுக்குப் பாதுகாப்பான வழியாக இருந்தது. குறை என்றால் தீர்த்துவைக்கும்படி கேட்கலாம். தீர்க்க வேண்டிய பொறுப்பு அரசுடையது. ‘டிஸ்அஃபெக்‌ஷன்’ என்று எழுதிவிட்டால் குற்றச்சாட்டின் சொல்லையே தாமே எடுத்துக் கொடுத்தது போலாகும். பழைய தலையங்கங்களில் இந்த இரண்டு சொற்களும் எங்கெங்கே வருகின்றன என்று பார்த்தாலே, எழுதியவர் எந்த அளவுக்குத் துணிந்திருந்தார் என்பது புலப்படும்.

தமிழிலும் மராத்தியிலும் வங்காளத்திலும் எழுதியவர்களின் நிலை வேறு. அவர்கள் தங்கள் மொழியில் எழுதினார்கள். அது ‘டிஸ்அஃபெக்‌ஷன்’ ஆனது அரசாங்க மொழிபெயர்ப்பாளரின் மேசையில். ஒவ்வொரு மாகாணத்திலும் நாட்டுமொழிப் பத்திரிகைகளைப் படித்து, அவற்றில் அரசு கவனிக்க வேண்டிய பகுதிகளை ஆங்கிலத்தில் சுருக்கித் தரும் ரகசிய அறிக்கைகள் தயாராகிவந்தன. சென்னை மாகாணத்திலும் அப்படித்தான். தமிழ்க் கட்டுரையின் கேலியும், பழமொழியும், சிலேடையும் அங்கே உதிர்ந்துபோய், உள்ளே இருந்த கோபம் மட்டும் ஆங்கிலத்தில் எஞ்சியது. அந்த நாளைய இதழ்களில் பல இன்று நமக்கு முழுமையாகக் கிடைக்காத நிலையில், அவற்றில் என்ன இருந்தது என்பதை இந்த அறிக்கைகளின் ஆங்கிலத்திலிருந்தே ஆய்வாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அந்த ஆங்கிலத்தை மீண்டும் தமிழாக்கி, அதையே மூல ஆசிரியரின் வாசகம் போல மேற்கோள் குறிக்குள் போடுகிறவர்கள் பெரும் பிழை செய்கிறார்கள்.

1908-ஆம் ஆண்டுத் திலகர் வழக்கில் மொழிபெயர்ப்பு ஒரு பிரச்சினையாக எழுந்ததா?

அந்த வழக்கே பெரும்பாலும் மொழிபெயர்ப்பைப் பற்றியதுதான் என்பேன். 1908 ஏப்ரல் 30 அன்று முசாஃபர்பூரில் வெடிகுண்டு வீசப்பட்டு இரண்டு ஆங்கிலேயப் பெண்கள் இறந்தார்கள். அதை ஒட்டி ‘கேசரி’ மே 12 அன்றும் ஜூன் 9 அன்றும் வெளியிட்ட மராத்திக் கட்டுரைகள் வழக்குக்கு உள்ளாயின. குண்டுவீச்சை அவை ஆதரிக்கவில்லை. அரசின் அடக்குமுறையே இளைஞர்களை அந்த இடத்துக்குத் தள்ளியது என்றும், மேலும் அடக்குவது நிலையான மருந்தாகாது என்றும் வாதிட்டன.

திலகர் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளாமல் தாமே வாதாடினார். பல நாட்களில் மொத்தம் இருபத்தொரு மணி நேரத்துக்கு மேல் நீண்டது அவரது உரை. நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டிருந்த ஆங்கில மொழிபெயர்ப்பைச் சொல் சொல்லாக எடுத்து, மராத்தியில் மென்மையாக இருந்தது ஆங்கிலத்தில் கடுமையாகியிருக்கிறது என்று காட்ட முயன்றார். ஆட்சி, அதிகாரம், எதேச்சாதிகாரம் போன்ற அரசியல் கருத்துகளுக்கு இந்திய மொழிகளில் சொற்கள் அப்போதுதான் உருவாகிவந்தன. புதிதாகப் பிறக்கும் ஒரு சொல்லுக்கு ஆங்கிலத்தின் பழைய சொல் ஒன்றை ஈடாக வைத்து, அந்த ஆங்கிலச் சொல்லின் பழைய பாவங்களையெல்லாம் இதன் மேல் சுமத்தலாமா என்பது அவரது வாதத்தின் சாரம். ஆங்கிலேயர் நடத்திய இதழ்கள் இந்தியரைப் பற்றி எழுதியவற்றையும் அவர் சான்றாக வைத்தார். தாம் எழுதியது அவற்றுக்கு அளித்த மறுமொழி என்பதையும் ஜூரிகள் பார்க்க வேண்டும் என்றார்.

ஜூலை 22 அன்று இரவில் தீர்ப்பு வந்தது. ஏழு ஐரோப்பிய ஜூரிகள் குற்றவாளி என்றார்கள், இரண்டு பார்சி ஜூரிகள் இல்லை என்றார்கள். நீதிபதி தின்ஷா தாவர் ஆறு ஆண்டுகள் நாடு கடத்தும் தண்டனை விதித்தார். 1897-இல் திலகருக்கு ஜாமீன் வாங்கித் தந்த வழக்கறிஞர் இதே தாவர்தான் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் கடக்க முடியவில்லை. திலகர் பர்மாவில் உள்ள மாண்டலே சிறைக்குப் போனார்; பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் ஆறு நாட்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள்.

தமிழ்ப் பத்திரிகைகள் இந்தச் சொல்லால் எப்படிப் பாதிக்கப்பட்டன?

அதே 1908-இல்தான் அடி விழுந்தது. ‘சுதேசமித்திரன்’ இதழை 1882-இல் தொடங்கி, தமிழில் நாளிதழ் என்ற வடிவத்தை ஊன்றிய ஜி. சுப்பிரமணிய ஐயர், உடல் நலம் மிகவும் குன்றியிருந்த நிலையில் 124-ஏ பிரிவில் கைதானார். சென்னையிலிருந்து வெளிவந்த ‘இந்தியா’ வார இதழின் சட்டப்படியான பொறுப்பாளராகப் பதிவாகியிருந்த சீனிவாசனும் கைது செய்யப்பட்டுத் தண்டிக்கப்பட்டார். அதன் எழுத்துக்கு உயிராக இருந்த சுப்பிரமணிய பாரதி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குச் சென்று, அங்கிருந்து இதழை மீண்டும் கொண்டுவந்தார். பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அது நுழைவது தடுக்கப்பட்டதும், 1910-இல் நின்றுபோனது. பேச்சுக்காக இதே பிரிவில் வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் திருநெல்வேலியில் தண்டிக்கப்பட்டதும் அந்த ஆண்டு ஜூலை மாதத்தில்தான்.

‘இந்தியா’ இதழ் கருத்துப்படங்களுக்குப் பெயர் பெற்றது. சட்டத்தில் ‘கண்ணால் காணத்தக்க உருவம்’ என்று ஒரு தொடர் இருந்ததைச் சற்று முன் குறிப்பிட்டேன். எழுத்தறியாதவரும் பார்த்துப் புரிந்துகொள்ளும் கோட்டோவியம் அந்தத் தொடருக்குள் நேராகப் போய் விழுந்துவிடும். இதைத் தெரிந்தே வாரந்தோறும் படம் போட்டார்கள் என்பதை எண்ணும்போது அவர்கள் மீது எனக்குள்ள மதிப்பு கூடுகிறது.

எழுதியவர் ஒருவர் இருக்க, சிறைக்குப் போனவர் வேறொருவராக இருப்பது ஏன்?

அச்சகத்தார், வெளியிடுபவர் ஆகியோரின் பெயர்களை அதிகாரிகளிடம் பதிவுசெய்தாக வேண்டும் என்பது சட்டம். கட்டுரைகளின் கீழ் எழுதியவர் பெயரைப் போடும் வழக்கம் பரவலாக இல்லை. ஆகவே அரசின் கைக்கு முதலில் எட்டியது பதிவேட்டில் இருந்த பெயர்தான். 1907-இல் கல்கத்தாவின் ‘வந்தே மாதரம்’ வழக்கில் அரவிந்தர்தான் ஆசிரியர் என்று காட்ட அரசால் முடியவில்லை, அவர் விடுதலையானார். அச்சிட்டவர் தண்டிக்கப்பட்டார். சாட்சி சொல்ல மறுத்த விபின் சந்திர பாலுக்கு ஆறு மாதச் சிறை கிடைத்தது. புகழ் பெற்ற ஆசிரியர்களின் வரலாற்றில் இந்த அச்சாளர்களுக்கும் பதிவேட்டில் பெயர் கொடுத்தவர்களுக்கும் ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை. அவர்களைப் பற்றி எழுத வாய்ப்பு கிடைத்தால் தயவுசெய்து தவறவிடாதீர்கள்.

1910-ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டத்தில் இந்தச் சொல்லுக்கு என்ன பங்கு?

124-ஏ வழக்கில் நீதிமன்றம், ஜூரி, விசாரணை என்ற படிகள் இருந்தன. 1910-ஆம் ஆண்டின் சட்டம் அந்தப் படிகளைக் குறைத்துக்கொண்டு பணத்தின் வழியாக வேலை செய்தது. புதிதாக அச்சகம் தொடங்குகிறவரிடம் 500 முதல் 2,000 ரூபாய் வரை ஜாமீன் தொகை கேட்கலாம். ஆட்சேபத்துக்குரிய எழுத்து வந்தால் அரசு ஓர் ஆணையின் மூலம் அந்தத் தொகையைப் பறிமுதல் செய்யலாம். மறுபடி அச்சகம் நடத்த 1,000 முதல் 10,000 வரை கேட்கலாம். எழுத்து நேராகவோ மறைமுகமாகவோ, ஊகத்தாலோ, குறிப்பாலோ, உருவகத்தாலோ ‘டிஸ்அஃபெக்‌ஷன்’ விளைவிக்கும் போக்குடையதாக இருந்தாலும் போதும் என்றது அதன் 4-ஆம் பிரிவு. உருவகத்தைச் சட்டப் புத்தகத்தில் ஏற்றிக் குற்றமாக்கியதை வேறெங்கும் நான் படித்ததில்லை.

1913-இல் ‘காம்ரேட்’ ஆசிரியர் முகமது அலியின் மனுவை விசாரித்த கல்கத்தா தலைமை நீதிபதி லாரன்ஸ் ஜென்கின்ஸ், பாராட்டத்தக்க எழுத்தும்கூட இந்தப் பிரிவுக்குள் வந்துவிடும் என்று வெளிப்படையாகவே எழுதினார். ஆனாலும் மனுதாரருக்கு நிவாரணம் தரச் சட்டம் அவருக்கு இடம் தரவில்லை. சென்னையில் 1916-இல் அன்னி பெசன்ட்டின் ‘நியூ இந்தியா’ கட்டிய 2,000 ரூபாய் பறிமுதலானது. அடுத்து 10,000 கேட்டார்கள்; அதையும் கட்டி நாளிதழை நடத்தினார். சென்னை உயர் நீதிமன்றத்திலும், பிறகு இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலிலும் அவரது வாதம் எடுபடவில்லை. அச்சட்டம் 1922-இல் நீக்கப்பட்டது.

ஆங்கிலேயர் தங்கள் செய்தித்தாள்களில் இதை எப்படிப் பயன்படுத்தினார்கள்?

ஊரையும் பிரிவினரையும் அடையாளமிடும் பெயரடையாகவே பெரும்பாலும் பயன்படுத்தினார்கள். பற்றிழந்த மாவட்டம், பற்றிழந்த வகுப்பு என்பது போல. அயர்லாந்தைப் பற்றி எழுதும்போதும் இதே வழக்கம் இருந்தது. இந்தியாவைப் பொறுத்தவரை இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ‘அன்ரெஸ்ட்’, அதாவது அமைதியின்மை, என்ற சொல் அதன் அருகில் வந்து அமர்ந்தது. லண்டன் ‘டைம்ஸ்’ செய்தியாளர் வேலண்டைன் சிரோல் 1910-இல் எழுதிய கட்டுரைகளால் அது எங்கும் பரவியது; திலகரை அந்த அமைதியின்மையின் தந்தை என்று அவர் குறித்ததும் அப்போதுதான். அமைதியின்மை என்றால் நோய்க்குறி போல. யார் மீது என்ற கேள்வி எழாது. ‘டிஸ்அஃபெக்‌ஷன்’ என்றால் யாரிடம் அன்பு இல்லை என்ற கேள்வி உடனே எழுந்துவிடும்.

‘தேசத்துரோகம்’ என்று தமிழாக்கலாமா?

கூடாது. இன்றைய செய்தித்தாள்களும் தொலைக்காட்சிகளும் 124-ஏ என்றாலே ‘தேசத்துரோக வழக்கு’ என்று எழுதிப் பழகிவிட்டன. அந்தப் பிரிவில் தேசம் என்ற சொல்லே கிடையாது. சட்டப்படி நிறுவப்பட்ட அரசாங்கம் என்பதே அதில் உள்ளது. தேசத்துக்காக அரசாங்கத்தை எதிர்த்த வ.உ.சி.யைத் தேசத்துரோக வழக்கில் தண்டிக்கப்பட்டவர் என்று எழுதும்போது, தண்டித்தவர்கள்கூடச் சுமத்தாத பழியை நாம் சுமத்துகிறோம். அந்தக் காலத் தமிழர் ‘ராஜ நிந்தனை’, ‘ராஜத்துரோகம்’, ‘ராஜத்துவேஷம்’ என்று எழுதினார்கள். அந்தப் பிரிவுக்கு, அதாவது குற்றத்தின் பெயருக்கு, ‘ராஜ நிந்தனை’ அல்லது ‘அரச நிந்தனை’ பொருந்தும். அதனுள் வரும் உணர்வின் பெயராகிய ‘டிஸ்அஃபெக்‌ஷன்’ என்பதற்கு அது பொருந்தாது. ‘அதிருப்தி’ என்பது மிகவும் சிறியது. காபியில் சர்க்கரை குறைந்தாலும் அதிருப்திதான். ‘வெறுப்பு’ என்று போட்டால் ரானடேயும் ஸ்ட்ரேச்சியும் எதைப் பற்றி மாறுபட்டார்கள் என்பதே வாசகருக்குத் தெரியாமல் போகும். நான் ‘பற்றின்மை’ என்றோ, இடத்துக்கு ஏற்ப ‘அன்பின்மை’ என்றோ எழுதுகிறேன். வடமொழி கலந்த நடையில் எழுதுகிறவர்களுக்குப் ‘பிரீதி’, ‘அப்பிரீதி’ என்ற இணையும் உதவும்.

இந்தச் சொல் இன்று சட்டத்தில் இருக்கிறதா?

1962-இல் கேதார்நாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், வன்முறையையோ பொது ஒழுங்கின் குலைவையோ தூண்டும் எழுத்துக்கும் பேச்சுக்கும் மட்டுமே 124-ஏ பொருந்தும் என்று அதன் எல்லையைச் சுருக்கியது. 2022 மே மாதத்தில் அந்தப் பிரிவையே நிறுத்திவைத்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவில் ‘டிஸ்அஃபெக்‌ஷன்’ இல்லை. பிரிவினை, ஆயுதக் கிளர்ச்சி, சீர்குலைவுச் செயல்கள் போன்றவை அதன் இடத்தில் இருக்கின்றன. அதன் பழைய துணைவனான ‘டிஸ்அப்ரொபேஷன்’ மட்டும் விளக்கப் பகுதியில் அப்படியே தங்கியிருக்கிறது. ஆனால் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில், எது சட்டவிரோதச் செயல் என்று வரையறுக்கும் இடத்தில், இந்தியாவுக்கு எதிரான ‘டிஸ்அஃபெக்‌ஷன்’ என்று அந்தச் சொல் இன்றும் உயிரோடு இருக்கிறது.

காந்தியின் அகமதாபாத் வாக்குமூலத்தைத் தமிழாக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

‘யங் இந்தியா’வில் எழுதிய கட்டுரைகளுக்காகக் காந்தியும் வெளியீட்டாளர் சங்கர்லால் பாங்கரும் 1922 மார்ச் 18 அன்று நீதிபதி புரூம்ஃபீல்ட் முன் நிறுத்தப்பட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டே, இந்த உணர்வு ஓர் அறம் என்று தலைப்பிட்டே காந்தி எழுதியிருந்தார். மற்ற ஆசிரியர்கள் அந்தச் சொல்லிலிருந்து விலகி நடந்தார்கள். இவர் அதை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டார். குடிமக்களின் சுதந்திரத்தை நசுக்க வகுத்த அரசியல் பிரிவுகளுக்குள் 124-ஏ இளவரசனைப் போன்றது என்றார். திலகருக்கு விதித்ததை முன்மாதிரியாகக் கொண்டு ஆறு ஆண்டுச் சிறை விதித்த நீதிபதி, அரசு அதைக் குறைத்தால் தம்மைவிட மகிழ்ச்சி அடைகிறவர் வேறு யாரும் இருக்க முடியாது என்றார்.

அந்த வாக்குமூலத்தில் இரண்டு வாக்கியங்கள் உள்ளன. அவற்றை ‘ராஜத்துரோகம்’ என்ற சொல்லை வைத்துத் தமிழாக்கினால், அன்பைச் சட்டத்தால் உண்டாக்க முடியாது என்று முதல் வாக்கியம் சொல்ல, துரோகத்தை வெளியிட உரிமை வேண்டும் என்று இரண்டாவது வாக்கியம் கேட்கும். இரண்டுக்கும் தொடர்பே இராது. அவர் துரோகத்துக்கு அனுமதி கேட்டதாகவும் ஆகிவிடும். ஆங்கிலத்தில் ‘அஃபெக்‌ஷன்’ என்று தொடங்கி ‘டிஸ்அஃபெக்‌ஷன்’ என்று முடித்து, முப்பது ஆண்டுகளாக நீதிபதிகள் இழுத்துப் பறித்த சொல்லை அதன் வேரிலேயே பிடித்துக் காட்டுகிறார். தமிழிலும் அந்த வேர் தெரிய வேண்டும். நான் பலமுறை அடித்துத் திருத்தி, கடைசியில் இப்படி வைத்திருக்கிறேன்: “அன்பைச் சட்டத்தால் உற்பத்தி செய்யவோ ஒழுங்குபடுத்தவோ இயலாது. ஒரு மனிதரிடமோ ஓர் அமைப்பிடமோ ஒருவருக்கு அன்பு இல்லையென்றால், வன்முறையை எண்ணாமலும் வளர்க்காமலும் தூண்டாமலும் இருக்கும்வரை, அந்த அன்பின்மையை முழுமையாக வெளியிட அவருக்குச் சுதந்திரம் இருக்க வேண்டும்.”